பெறுநர் இல்லாத தீர்ப்பு

வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று, புதன்கிழமை, கூட்டாட்சி நீதிமன்றத்தின் மூன்றாம் எண் அறையில் உன் வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. உன் தடுப்புக் காவலை ரத்து செய்த தீர்ப்பு அப்படியே நிற்கிறது. இதுவரை யாரும் அதற்குத் தடை வாங்கவில்லை. அந்தத் தீர்ப்பை யார் நிறைவேற்ற வேண்டும் என்ற இடத்தில் மட்டும் நீதிபதி நேற்று ஒரு திருத்தம் செய்தார். திங்கட்கிழமை காலை நீதிமன்றம் கூடுவதற்குள் நிறைவேற்றிவிட்டு வந்து சொல்லுங்கள் என்று கெடு வைத்திருக்கிறார். இதை நான் அறையில் உட்கார்ந்து காதால் கேட்டேன். காதை மட்டும் நம்பாமல், சாயங்காலம் பதிவகத்தில் காத்திருந்து, நீதிபதி கையெழுத்திட்ட நகலையும் வாங்கிப் பார்த்தேன். கேட்டதும் பார்த்ததும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

ஆகவே, நீ விடுவிக்கப்பட வேண்டியவன், ஆனால் விடுவிக்கப்படவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் மூன்று வாரமாக நம் குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது.

முதுகு எப்படி இருக்கிறது? இத்தனை வருடம் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தே தேய்ந்த முதுகு, தரையில் படுத்தால் தாங்காது. சிறை மருத்துவர் கட்டில் கொடுக்கச் சொல்லி எழுதிவிட்டார் என்று சொல்லியிருந்தாய். எழுதியது மருத்துவர், கொடுக்க வேண்டியது ஸ்டோர். அங்கேயும் நம் கதைதானா என்று பதிலில் எழுது. ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்றாய். பழைய மாத்திரையின் பெயரை உன் மனைவி எழுதித் தந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கோர்ட் விட்டுவிடச் சொல்லி மூன்று வாரம் ஆன பிறகும் நான் ஏன் உள்ளே இருக்கிறேன் என்று. அதற்குக் கீழே, உன் கோர்ட்டுக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது, கை கிடையாது என்று ஒரு குத்தல் வேறு. என் கோர்ட் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இந்த முறை வரவில்லை. களைப்பாக இருந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலையில் தீர்ப்பு வந்தது. நீதிபதி எழுதியதன் சாரம் இதுதான்: துறைமுகத்தை மாநிலத்திடமிருந்து மத்திய அரசு எடுத்துக்கொண்டதை எதிர்த்து, தொழிற்சங்கச் செயலாளரான ஒரு கிரேன் ஓட்டுநர் வேலை நேரம் முடிந்து வாசலில் நின்று பேசினார். மாநிலத்துக்குள் நடந்த ஒரு பேச்சுக்காக, அந்த மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமல், காரணத்தை அவரிடமே எழுத்தில் கொடுக்காமல், மத்திய அமைச்சகம் ஒருவரை அடைத்துவைக்க முடியாது. அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். இத்தனை வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியத்தை எந்த நீதிபதியும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் செய்தியை நான் எழுத முடியவில்லை. நீ உள்ளே போன அன்றே என்னை நீதிமன்றப் பக்கத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். அது சரிதான், நான் ஆசிரியராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இப்போது பார்வையாளர் பெஞ்சில் உட்காருகிறேன். எனக்குப் பதிலாக வந்தவர் சந்தை நிலவரம் எழுதிக்கொண்டிருந்தவர். 'ரத்துன்னா விடுதலைதானே மேடம்' என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று நான் சொல்வதற்குள் தலைப்பு அச்சுக்குப் போய்விட்டது. அந்தத் தலைப்பை நம்பித்தான் உன் சங்கத்துக்காரர்கள் வேன் பிடித்துக்கொண்டு சிறை வாசலுக்கு வந்து, இருட்டும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்கள். உனக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

அதே நாள் மத்தியானம் அரசிதழ் வெளியானது. மந்திரிசபையை மாற்றி அமைத்தார்கள் அல்லவா? அதில் உன்னை அடைத்த உள்நாட்டுப் பாதுகாப்பு, துறைமுகங்கள் அமைச்சகத்தை இரண்டாக வெட்டிவிட்டார்கள். பாதுகாப்பு உள்துறைக்கு, துறைமுகங்கள் வணிகத்துறைக்கு. உனக்காகச் செய்யவில்லை. இரண்டு கட்சிக்காரர்களுக்கு இரண்டு நாற்காலி தேவைப்பட்டது, அவ்வளவுதான். எந்த அமைச்சகம் இருக்கும், எது போகும் என்பது பிரதமர் கையில். அதை எந்த நீதிபதியும் கேட்க முடியாது. ஆனால் காலையில் வந்த தீர்ப்பு யாருக்கு உத்தரவு போட்டதோ, அந்த யார், மத்தியானம் இல்லாமல் போய்விட்டார்.

நீதிமன்ற அமீனா தீர்ப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனார். உறை திரும்பி வந்தது. 'பெறுநர் இல்லை' என்று மேலே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நம் வக்கீலம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். 'இருபது வருஷத்துல எத்தனையோ ஆளுங்க ஓடி ஒளிஞ்சு பார்த்திருக்கேன். ஒரு அமைச்சகமே ஓடி ஒளிஞ்சு இப்பதான் பார்க்கிறேன்' என்றார்.

முந்தாநாள் நாங்களே போனோம். வக்கீலம்மா, உன் மனைவி, நான். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு வாரமாக என்னோடுதான் இருக்கிறாள். அந்தக் கட்டடத்தில் வாசல் பலகையைக் கழற்றிவிட்டார்கள். பலகை இருந்த இடம் மட்டும் வெளுத்து நீளமாகத் தெரிகிறது. தபால் பிரிவு திறந்துதான் இருந்தது. அங்கிருந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லி, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: 'வாங்கிக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வாங்கிட்டேன்னு குத்துறதுக்குத்தான் சீல் இல்லை. பழசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க, புதுசு வரலை.' அப்படியானால் கையால் எழுதிக் கொடுங்கள் என்றார் வக்கீலம்மா. 'எழுதறேன். எந்த அமைச்சகம்னு எழுதட்டும்?' என்றார் அந்த அம்மாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அங்கிருந்து உள்துறை. அங்கே உன் கோப்பின் தலைப்பைக் கேட்டார்கள். துறைமுகம் என்று தொடங்குகிறதே, அது வணிகத்துறைக்குப் போயிருக்கும் என்றார்கள். சாலையைக் கடந்து வணிகத்துறை. ஆளை அடைத்துவைப்பது பாதுகாப்பு விஷயம், நாங்கள் சரக்குப் பெட்டி எண்ணுகிறவர்கள் என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு இடத்திலும் சொன்னது பொய்யும் இல்லை. கடைசியில் கோப்பு எங்கே என்று மட்டும் தெரிந்தது. பழைய கட்டடத்தின் மாடி வராந்தாவில் பூட்டிய அலமாரிகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றில் இருக்கிறது. எது யாருக்கு என்று பிரித்து முடிக்கிறவரை திறக்கக் கூடாது என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. துறைமுகக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி உன் மனைவிக்கு நோட்டீஸ் வந்ததே, அதற்கு மேல் நடவடிக்கை எடுக்கும் கோப்பும் அதே அலமாரிக்குள்தானாம். விசாரித்தோம். ஆக, உன்னை வெளியே விடவும் முடியவில்லை, அவளை வெளியே தள்ளவும் முடியவில்லை. திரும்பும் வழியில் அவள், 'அண்ணி, அந்தப் பூட்டுக்கு நாம நன்றி சொல்லணுமா, சாபம் விடணுமா?' என்று கேட்டாள். நீ உள்ளே போன பிறகு அவள் சொல்லி நான் கேட்ட முதல் நகைச்சுவை அது.

இனி உன் சிறைக் கதை. நீ இருக்கும் சிறை மாநில அரசுடையது. உன்னை உள்ளே வைத்தது மத்திய அரசு. கண்காணிப்பாளர் வக்கீலம்மாவுக்கு எழுதிய பதில் ரொம்பச் சுத்தமான பதில்: இவரை மத்திய அமைச்சகத்தின் ஆணைப்படி காவலில் வைத்திருக்கிறேன், அவர்கள் குறிப்பு அனுப்பினால் அந்த நிமிடமே திறந்துவிடுவேன், தீர்ப்பில் என் பெயர் இல்லை. அவர் சொன்னதும் சரி. மாநிலத்தை வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்த்தால் அவர்களைப் பகைத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று வக்கீலம்மா சேர்க்காமல் விட்டார். அப்போது அது நம் எல்லோருக்கும் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. நண்பனாக வைத்துக்கொள்ளப் பார்த்தோம். நண்பன் என்பதாலேயே அவன் மேல் உத்தரவு பாயவில்லை. உன் மாநில மந்திரி மேடைக்கு மேடை 'அவர் எங்க தம்பி, எங்க மண்ணோட குரல்' என்று முழங்குகிறார். கதவைத் திறந்து அந்தக் குரலை வெளியே விட மட்டும் அவருக்கு எழுத்தில் ஒரு துண்டு வேண்டுமாம்.

இதை உனக்கு முன்பு படிக்கப்போகும் சிறை அதிகாரி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. இதில் இருப்பதெல்லாம் திறந்த நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் நடந்தவை. உங்களைப் பற்றியும் உங்கள் மேலதிகாரியைப் பற்றியும் குறையாக ஒன்றும் எழுதவில்லை. தயவுசெய்து அப்படியே கொடுத்துவிடுங்கள்.

இப்போது நேற்றைய விசாரணை. தீர்ப்பை மதிக்கவில்லை என்று அவமதிப்பு மனு போட்டிருந்தோம் அல்லவா? யாரைத் தண்டிப்பது என்பதிலேயே முதல் அரை மணி நேரம் போனது. உன் ஆணையில் கையெழுத்திட்ட செயலாளரை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வந்திருந்தார். எழுந்து நின்று, 'ஐயா, நான் இப்ப மீன்வளத்துல இருக்கேன்' என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மாநிலத்தின் சார்பில் நோட்டீஸ் வாங்காமலே ஒரு வக்கீல் ஆஜராகியிருந்தார். 'நாங்க வெறும் வீட்டுக்காரங்க ஐயா. உள்ள இருக்கிறவர் அவங்க வெச்ச ஆளு' என்றார். நீதிபதி, 'வெச்சது செல்லாதுன்னு நான் சொல்லியாச்சு. வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டியதுதானே?' என்று கேட்டார். 'சாவி அவங்ககிட்ட இருக்கு ஐயா' என்றார் அவர். உடனே மத்திய அரசு வக்கீல் எழுந்து, 'எந்த அவங்கன்னு என் நண்பர் தெளிவா சொன்னா எனக்கும் உதவியா இருக்கும். எனக்கே இன்னும் எந்த அமைச்சகமும் வக்காலத்து கொடுக்கலை' என்றார். மறுபடியும் சிரிப்பு. உன் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகிக்கொண்டே போனது. மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு விரல் வலித்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கும் தூக்கம் இல்லை போலிருந்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: 'எனக்கு எழுதத்தான் தெரியும். பூட்டைத் திறக்கிற ஆள் என்கிட்ட கிடையாது. போலீசும் சிறையும் கஜானாவும் அரசாங்கத்துக்கிட்ட இருக்கு. நான் எழுதினா அவங்க செய்வாங்கங்கிற நம்பிக்கையிலதான் இந்த நாற்காலி நிக்குது. அந்த நம்பிக்கையை ஒரு பெயர்ப்பலகையைக் கழற்றி உடைச்சுடாதீங்க.' யாரும் சிரிக்கவில்லை.

பிறகு திருத்தம் சொன்னார். பழைய அமைச்சகத்தின் வேலை யார் கைக்குப் போயிருந்தாலும் அவர்கள் எல்லோரும், அதோடு சிறைக் கண்காணிப்பாளரும், இந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். இப்போது கண்காணிப்பாளரின் பதவியே தீர்ப்பில் இருக்கிறது. அவர் யாருடைய குறிப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை. உடனே திறக்கச் சொல்லுங்கள் என்று வக்கீலம்மா மன்றாடினார். மத்திய அரசு வக்கீல், முழு அமர்வில் மேல்முறையீடு செய்யப்போகிறோம், திங்கட்கிழமை தடை கேட்போம், அதுவரை அவகாசம் வேண்டும் என்றார். நீதிபதி கொடுத்தார். மேல்முறையீடு அவர்கள் உரிமை, அதை மறுத்தால் நாளைக்கு இந்தத் தீர்ப்பையே அவசரத்தில் எழுதியது என்பார்கள் என்றார். வக்கீலம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் வெளியே வந்ததும், நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று ஒப்புக்கொண்டார்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். இதற்குப் பிறகு நடந்ததுதான் நீ முடிவு செய்ய வேண்டியது.

நீதிமன்ற கேண்டீனில் உட்கார்ந்திருந்தோம். உள்துறையில் சார்புச் செயலாளராக இருப்பவர் ஒருவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். நேற்று முன்தினம் எங்களை எதிர் அலுவலகத்துக்கு அனுப்பியவரும் அவர்தான். சாப்பிட்டுக்கொண்டே, தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். நான்கு வரியில் ஒரு உறுதிமொழி. துறைமுக விஷயமாக இனி பொது இடத்தில் பேச மாட்டேன், நடந்ததற்கு வருந்துகிறேன், தீர்ப்பின்படி எனக்கு மேற்கொண்டு கோரிக்கை எதுவும் இல்லை. நீ கையெழுத்திட்டால் அமைச்சர் தன் அதிகாரத்தில் ஆணையைத் திரும்பப் பெறுவார். அன்று மாலையே கதவு திறக்கும். 'போட்ட கையாலேயே எடுத்துடுவோம்மா. கோர்ட் வழியா வந்தா அது உங்க உரிமை. எங்க வழியா வந்தா ஒரு கையெழுத்து. எது சீக்கிரம்னு நீங்களே பாருங்க' என்றார்.

அதற்கு மட்டும் சீல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 'அதுக்கு அமைச்சர் கையெழுத்து போதும் மேடம்' என்றார். பிறகு, 'மேல இருந்து சொல்லி அனுப்பினதைச் சொல்றேன். என்கிட்ட கோபப்பட்டு ஆகப்போறது ஒண்ணும் இல்லை' என்றும் சொன்னார். டப்பாவில் பாதியை மூடி எடுத்துக்கொண்டு போனார். தாள் மேசைமேல் இருந்தது.

அவர்கள் ஏன் இறங்கி வருகிறார்கள் என்று வக்கீலம்மா விளக்கினார். நீ கையெழுத்திட்டால் ஆணையே இல்லாமல் போய்விடும். திங்கட்கிழமை முழு அமர்வில் போய், பிரச்சினையே முடிந்துவிட்டது, இனி அந்தத் தீர்ப்பு எதற்கு என்பார்கள். முழு அமர்வு பெரும்பாலும் அதை ஏற்றுத் தீர்ப்பை அழித்துவிடும். அந்த இரண்டு தரம் வாசித்த வாக்கியமும் அதோடு போகும். அதே பிரிவின் கீழ் அதே சிறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உன் பக்கத்து அறையில் இருப்பதாக நீ எழுதும் அந்தக் கணக்கு வாத்தியாரின் மனு, உன் தீர்ப்பைக் காட்டித்தான் போடப்பட்டிருக்கிறது. அது போனால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீ கையெழுத்திடவில்லை என்றால், திங்கட்கிழமை தடை கிடைத்தாலும் கிடைக்கலாம். கிடைத்தால் மேல்முறையீடு முடிய எத்தனை மாதம் ஆகும் என்று வக்கீலம்மாவால் சொல்ல முடியவில்லை. தடை கிடைக்காவிட்டால் அன்றே வெளியே வருவாய், தலை நிமிர்ந்து. இரண்டுக்கும் சம வாய்ப்பு என்கிறார்.

பஸ்ஸில் திரும்பினோம். உன் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே, 'அண்ணி, சட்டம் ஜெயிச்சா நல்லதுதான். ஆனா நான் சமைச்சுப் போட எனக்கு ஆள் வேணும், சண்டை போட ஆள் வேணும். தீர்ப்போட சண்டை போட முடியாது' என்றாள். அதோடு விடவில்லை. 'உங்களுக்கு அந்தத் தீர்ப்பு வேணும்தானே? மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க' என்றாள். வேண்டும் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள். 'அவருக்கும் வேணும். கேட்காமலே தெரியும். நீங்க வேணும்னு எழுதினா அவர் பேனாவையே தொட மாட்டார். அதனால கேட்டுக்கிறேன், அதை மட்டும் எழுதாதீங்க' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எழுத மாட்டேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். இப்போது பார், எழுதிவிட்டேன். பாதியை மறைத்துவிட்டு மீதியைச் செய்தி என்று கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்குத் தெரிந்த பிறகு, அவள் என்ன நினைக்கிறாள் என்பதும் அதே அளவு தெரிய வேண்டும். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டு உட்கார்ந்து தீர்ப்பை மறுபடி படிப்பேன். அவள் காலி செய்யச் சொன்ன வீட்டில், எந்தப் பாத்திரத்தை மூட்டை கட்டுவது, எதை வெளியே வைப்பது என்று தெரியாமல் நிற்பாள். ஒரே தீர்ப்புதான், எங்கள் இருவருக்கும் ஒரே எடை இல்லை.

மேலே ஒன்றரை வரி அடித்திருப்பது தெரியும். சிறை அதிகாரியைச் சந்தேகப்படாதே. நானே எழுதி நானே அடித்தது.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவளிடம் கொடுக்கிறேன். இன்று மாலை ரயிலில் ஊருக்குத் திரும்புகிறாள். வழியில் படிக்கட்டும். நான் வாக்கு மீறியதைப் பார்த்துக் கோபம் வந்தால் கிழித்துப் போடட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. படித்த பிறகும் சனிக்கிழமை காலை சிறை வாசலில் கொடுத்தாள் என்றால்தான் இது உன் கைக்கு வரும். ஆகவே நீ இதைப் படிக்கிறாய் என்றால், என்னுடையதையும் சேர்த்து உன்னிடம் சுமந்து வந்தது அவள்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசு. குரலை உயர்த்தாதே.

நீ என்ன முடிவெடுத்தாலும், அக்கா என்ன நினைப்பாள் என்பதைக் கணக்கில் சேர்க்காதே. வாத்தியாரை நினை, உன் மனைவியை நினை, உன் முதுகை நினை. என்னை விட்டுவிடு.

இனி நிலுவையில் இருப்பவை. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் அவள் வருவாள். அந்தத் தாள் அவள் பையில் இருக்கும். கையெழுத்து ஆனாலும் ஆகாவிட்டாலும் அன்று இரவுக்குள் வக்கீலம்மாவுக்குச் சொல்லிவிடச் சொல். திங்கட்கிழமை காலை மூன்றாம் அறையில், தீர்ப்பை நிறைவேற்றியாயிற்றா என்று கேட்பார்கள். அதே நேரம் முதலாம் அறையில் முழு அமர்வு தடை மனுவை எடுக்கும். எது முதலில் கூப்பிடப்படும் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலை ஒட்டப்படும் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். எந்த அறைக்குப் போய் உட்காரப் போகிறீர்கள் என்று வக்கீலம்மா கேட்டார். இரண்டுக்கும் போகவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். என்ன தீர்ப்பு வந்தது என்பதை அந்தச் சந்தை நிலவரக்காரரே போன் செய்து சொல்லட்டும். திங்கட்கிழமை காலையிலிருந்து உன் சிறை வாசலில் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா